இரண்டாவது அடி

மைதீன் பிச்சைக்கு ஒரு விஷயத்தில் நல்ல கைப்பழக்கம். விரும்பித் தேடிக்கொண்ட பழக்கம் இல்லை, தலையில் வந்து விழுந்தது. உலகத்தில் எந்த மூலையில் குண்டு வெடித்தாலும் மறுநாள் சாயங்கால அஸர் தொழுகைக்குள் ஒரு கண்டன நோட்டீஸ் எழுதிக் கொடுத்துவிடுவார். பேகம்பூரில் ஒரு சின்னப் பள்ளிவாசலுக்குப் பதினைந்து வருடமாக அவர்தான் ஜமாஅத் செயலாளர். வெடித்த ஊரின் பெயர் அவர் வாயில் ஒழுங்காக நுழையாது. வைத்தவன் யார், எவன் பெற்ற பிள்ளை என்றும் தெரியாது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள், எழுதினால் ஒருவரும் படிப்பதில்லை.

அப்பாவி உயிர் ஒன்றை எடுப்பது அத்தனை உயிரையும் எடுப்பதற்குச் சமம் என்று மார்க்கம் சொல்வதை எழுதுவார். போரில்கூடப் பெண்ணையும் பிள்ளையையும் தொடக் கூடாது, பயிரை அழிக்கக் கூடாது என்பதை எழுதுவார். தன்னைக் காத்துக்கொள்ள அனுமதி உண்டு, அதிலும் வரம்பு மீற அனுமதி இல்லை என்பதை எழுதுவார். இவ்வளவையும் தோல் மண்டியில் உப்புப் போட்ட ஆட்டுத்தோல் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, பேரேட்டுக்கு அடியில் தாளை வைத்து எழுதுவார். எழுதி எழுதி அந்த வரிகள் கைக்குப் பழகிப்போயின. பழகிப்போன வரிகளை மனிதன் யோசிப்பதில்லை.

போன வருடம் அப்படி ஒரு நாள். எங்கோ வெடித்திருந்தது. டி.வி.யில் காலையிலிருந்து அதுதான். மண்டியில் வேலைக்காரர்கள் கிளம்பிப் போயாயிற்று. பொழுது சாய்ந்ததும் சொல்லும் மஃரிப் பாங்குக்கு இன்னும் செத்த நேரம் இருந்தது. அவர் மகன் அக்மல் உள்ளே தோல் எண்ணிக்கொண்டிருந்தான். இரண்டு பைக்கில் மூன்று பேர் வந்து நின்றார்கள். மூன்று பேரும் நல்ல போதை.

"குண்டு வைக்கிறவய்ங்க கடை இதுதான்டா" என்றான் ஒருவன். இன்னொருவன் மைதீன் பிச்சையின் தொப்பியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தான். மூன்றாமவன் பேர் சிவபிரகாஷ் என்பது பிறகு தெரிந்தது. அகரத்துப் பையன், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளாவுக்குப் போகும் காய்கறி லாரிகளுக்கு லோடு ஏற்றுகிறவன். அவன் கையிலிருந்த பாட்டிலைப் படிக்கல்லில் அடித்து உடைத்து, உடைந்த முனையை மைதீன் பிச்சையின் கழுத்துக்குக் கொண்டுவந்தான். கண்ணாடி தோலில் பட்டது. இன்றைக்கும் அந்த இடத்தில் ஒரு கோடு இருக்கிறது.

அக்மல் ஷட்டர் இழுக்கிற இரும்புக் கம்பியோடு வந்தான். முதல் அடி கையில் விழுந்தது. பாட்டில் தெறித்துப் போனது. கூட வந்த இரண்டு பேரும் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார்கள். சிவபிரகாஷ் மட்டும் தனியாக நின்றான். போதையெல்லாம் இறங்கிய முகம். ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். தோலிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீரில் கால் வழுக்கி, சமாளித்துப் படியில் இறங்கப் போனான். அப்போது இரண்டாவது அடி விழுந்தது, பின்னந்தலையில். மூன்றாம் நாள் மதுரை ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

அந்த இரண்டாவது அடியைப் பார்த்த கண்கள் உலகத்தில் இரண்டே இரண்டு. இரண்டும் மைதீன் பிச்சையின் முகத்தில் இருந்தன.

போலீசிடம் அவர் சொன்னது: "பாட்டிலோட பாய்ஞ்சான். எம் மகன் அவன் கையில அடிச்சான். அவன் வழுக்கி விழுந்து படியில தலை மோதிருச்சு." யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாக வந்தது. கேட்பவர் யோசிக்கும் முன்பே வாய் முந்திக்கொண்டது. பெற்றவன் வாய் அல்லவா.

மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு அக்மல் ஜாமீனில் வந்தான். அவன் மனைவி அஃப்சானாவுக்கு அதற்குள் பெண் குழந்தை பிறந்திருந்தது. பேகம்பூரே அவனை வாயாரப் பாராட்டியது. தகப்பன் உயிரைக் காத்த பிள்ளை, மார்க்கம் அனுமதித்ததைத்தான் செய்தான் என்றார்கள். வக்கீல் சிலுவைமுத்துவும் தெம்பாக இருந்தார். "பாய், கேஸ் மொத்தமும் உங்க வாயில இருக்கு. அவன் திரும்பிட்டான், போகப் பாத்தான்னு ஒரு வார்த்தை வந்துறக் கூடாது. ஆபத்து நீங்கிருச்சுன்னா தற்காப்பும் முடிஞ்சுபோச்சு, அதான் சட்டம். படியில மோதினது மோதினதாவே இருக்கட்டும்."

மைதீன் பிச்சை பள்ளிவாசல் இமாமிடம் போனார். ஃபயாஸ் ஹஜ்ரத் அவரைவிட இருபது வயது சின்னவர். யாரோ கேட்டதாகக் கேட்டார்.

"ஹஜ்ரத், ஒருத்தன் கொல்ல வாரான். நாம அடிக்கலாம். எம்புட்டுத் தூரம் அடிக்கலாம்?"

"தடுக்குற வரைக்கும் பாய். அவன் கை ஓஞ்சா நம்ம கையும் ஓயணும். அதுக்கு மேல விழுறது தற்காப்புல சேராது." ஹஜ்ரத் சொல்லிவிட்டு அவரையே பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தபடி, "நீங்களே எத்தனையோ நோட்டீஸ்ல எழுதியிருக்கீங்களே" என்றார்.

"அப்படி நடந்துட்டா?"

"அல்லாஹ்வுக்குச் செய்யுற குத்தத்தை அவன் மன்னிப்பான். மனுசனுக்குச் செஞ்சதை அந்த மனுசன்தான் மன்னிக்கணும். செத்துட்டா அவன் வாரிசு."

இந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டார் மைதீன் பிச்சை. கரையேற வழி கிடைத்துவிட்டதாக நினைத்தார். கோர்ட்டில் தற்காப்பு என்று சொல்லி மகனை மீட்டுக்கொள்வது. அகரத்துக்குப் போய்ப் பையனின் தகப்பனிடம் மன்னிப்பு வாங்கி மறுமையையும் சரிசெய்துகொள்வது. இந்த உலகத்துக்கு ஒரு வாய், அந்த உலகத்துக்கு ஒரு வாய். மார்க்கம் தெரிந்த மனிதன்தான் இப்படி ஒரு தப்புக் கணக்குப் போட முடியும். தெரியாதவனுக்கு அகரத்துக்குப் போகவே தோன்றியிருக்காது.

ஜமாஅத் தலைவர் நியாஸையும் கூட்டிக்கொண்டு ஒரு காலையில் போனார். வேலுசாமி சம்பங்கித் தோட்டத்தில் பூ எடுத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு வரப்பில் நின்றார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வீட்டு வாசலிலிருந்து அவர் மனைவி பொன்னழகு எழுந்து வந்தாள். உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள், பையனின் தங்கை ஜீவிதாவாக இருக்க வேண்டும்.

நியாஸ் ஆரம்பித்தார். "அண்ணே, நடந்தது நடந்துபோச்சு. தற்காப்புக்குத்தான் அடிச்சாங்க. இருந்தாலும் உசுரு போயிருக்கு. நீங்க மனசார மன்னிச்சுட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லணும். எங்க மார்க்கத்துல அது ரொம்பப் பெருசு."

வேலுசாமி கையிலிருந்த மண்ணைத் தட்டினார். ரொம்ப நேரம் தட்டினார்.

"எம் மகன் குடிச்சுட்டு வந்தான். பாட்டிலைத் தூக்குனான். பெரிய மனுசன் தொப்பியைத் தூக்கி எறிஞ்சிருக்காய்ங்க. அம்புட்டும் தப்பு. நான் இல்லைங்கலை. அவன் உசுரோட இருந்தா நானே கூட்டியாந்து உங்க கால்ல விழ வச்சிருப்பேன்." அவர் மைதீன் பிச்சையை நேராகப் பார்த்தார். "ஆனா ஒண்ணு கேக்குறேன் பாய். உங்க உசுரைக் காப்பாத்திக்க அடிச்சீங்கன்னா அதுல உங்க தப்பு ஒண்ணுமில்லை. தப்பே இல்லாததுக்கு நான் எதை மன்னிக்கிறது? மன்னிப்புன்னு வந்து நிக்கிறீங்கன்னா அங்க ஏதோ ஒரு தப்பு இருக்கணும்ல. அது என்னன்னு சொல்லுங்க, மன்னிக்கிறேன்."

பதினைந்து வருடமாக நோட்டீஸ் எழுதிய மனிதரை ஒரு பூ விவசாயி ஒரே கேள்வியில் நிறுத்திவிட்டார்.

பொன்னழகுதான் கிட்டே வந்தாள். "எனக்கு அதெல்லாம் வேணாம்ணே. ஆஸ்பத்திரியில மூணு நாளும் அவன் கண்ணே முழிக்கலை. கடைசியா உங்ககிட்டத்தான் இருந்திருக்கான். ஏதாச்சும் சொன்னானா?"

சொன்னான். கையைப் பிடித்துக்கொண்டு திரும்பும்போது, "அண்ணே, வேணாம்ணே" என்றான். அக்மலைப் பார்த்துச் சொன்னான். அதற்குப் பிறகுதான் கம்பி இறங்கியது.

"ஒண்ணும் சொல்லலைம்மா" என்றார் மைதீன் பிச்சை.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஒரு வருடமாக அந்த ஒன்றுக்காகக் காத்திருந்தவள்போல முகம் விழுந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் நியாஸ், "போனதே தப்புண்ணே" என்றார். போலீசிடம் சொன்ன பொய் அவரை இப்படி வதைக்கவில்லை. இந்தத் தாயிடம் சொன்ன இரண்டு வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்தி நின்றது.

சாட்சி சொல்லும் நாளுக்குப் பத்து நாள் முன்னால் மறுபடியும் எங்கோ வெடித்தது. சந்தையில் முப்பது பேர். அஸருக்குள் நோட்டீஸ் வேண்டும் என்று நியாஸ் போன் பண்ணினார். மைதீன் பிச்சை வழக்கம்போல் மண்டியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். நியாஸ் பேனாவும் கையுமாகப் படித்து, ஒரு இடத்தில் நின்றார்.

"அண்ணே, 'தற்காப்பிலும் வரம்பு மீற அனுமதி இல்லை'ங்கிற வரியை இந்தத் தடவை எடுத்துருவோம்."

"எப்பவும் போடுற வரிதானே?"

"கேஸ் நடக்குதுல்ல. எவனாச்சும் இதைக் கொண்டுபோய் எதிர் வக்கீல் கையில குடுத்தா? நம்ம பிள்ளைக்காகத்தாண்ணே சொல்றேன்."

நியாஸ் கெட்ட மனிதர் இல்லை. அக்மல் உள்ளே இருந்த மூன்று மாதமும் ஜெயிலுக்கு வாரம் தவறாமல் போனவர் அவர். அவர் பேனா அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தது. மைதீன் பிச்சை பார்த்துக்கொண்டு நின்றார். முகம் தெரியாத கொலைகாரனுக்கு எதிராக எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம், தன் வீட்டைத் தொடுகிற வரியை மட்டும் அடித்துவிட வேண்டும். அப்படியென்றால் இத்தனை வருடம் எழுதியதெல்லாம் என்ன? அவருக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவி ஷரீஃபாவிடம் சொன்னார். நடந்தது அத்தனையும் சொன்னார், அவள் அதுவரை படியில் மோதிய கதையைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கோர்ட்டுல உள்ளதைச் சொல்லப் போறேன்" என்றார்.

"பெத்தவன் வாயாலயா?"

"சாட்சியை மறைக்காதே, பெத்தவங்களுக்கு எதிரா இருந்தாலும் சரி, சொந்தத்துக்கு எதிரா இருந்தாலும் சரின்னு மார்க்கம் சொல்லுது ஷரீஃபா."

"ஊருக்கு எழுதுறதை வீட்டுக்குள்ள கொண்டாராதீங்க!" அவள் கத்திவிட்டாள். கத்திய பிறகு அழுதாள். "தூக்கிட்டு அலையுறான் பாருங்க, அந்தப் பச்சைப்பிள்ளைக்கு என்ன பதில் சொல்லுவீங்க? உங்க கழுத்தை அறுக்க வந்தவனுக்காக என் பிள்ளையைக் காவு குடுக்கணுமா?"

அவளுக்குச் சொல்லும்படி எந்தப் பதிலும் எந்த மார்க்கத்திலும் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அக்மல் கொல்லையில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறான் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அஃப்சானா வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, மாமனார் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"அப்ப அன்னைக்கு நான் சும்மா நின்னிருக்கணுமா அத்தா?" என்று தகப்பனைக் கேட்டான் அக்மல்.

"இல்லைப்பா. அந்த மொத அடி இல்லைன்னா நான் இன்னைக்கு இல்லை. அதுக்கு மறுமையிலயும் வந்து நான் சாட்சி சொல்லுவேன்."

"ரெண்டாவதுக்கு?"

"அதுக்கும் நான்தான் சாட்சி."

அக்மல் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டான். கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அவன் போயிருப்பான்த்தா. போறான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அடிச்சேன். உங்க தொப்பி சாக்கடையில மிதந்துச்சு. காலையிலேருந்து டி.வி.யில நம்மளத்தான் சொல்லிக்கிட்டிருந்தாய்ங்க. வருசக்கணக்கா நீங்க எழுதி எழுதிக் குடுக்கிறீங்க, ஒருத்தனும் நம்பலை. அது அம்புட்டும் சேந்து கையில வந்துருச்சு. அவன் ஒருத்தன் தலையில இறக்கிட்டேன்."

மைதீன் பிச்சை அவன் பக்கத்தில் போய் நின்றார். தலையைத் தடவ வேண்டும்போல் இருந்தது. ஜெயிலுக்கு அனுப்பப் போகிற கை தலையைத் தடவலாமா என்று தெரியவில்லை. அப்படியே நின்றார். அக்மல் எழுந்து உள்ளே போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் அவரிடம் பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்ட குடும்பத்தில் பத்து நாளாகச் சட்டி பானைச் சத்தம்தான்.

கோர்ட் கூண்டில் ஏறி நின்றார். சிலுவைமுத்து கேள்விகளை அழகாக அடுக்கி வைத்திருந்தார். பாட்டில், கழுத்து, கையில் அடி. ஒவ்வொன்றுக்கும் மைதீன் பிச்சை ஆமாம் என்றார். கழுத்துக் கோட்டைக் காட்டச் சொன்னதும் காட்டினார்.

"அப்புறம் அவர் வழுக்கி விழுந்து படியில மோதினார், அப்படித்தானே?"

"இல்லைங்க."

வக்கீல் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"பாட்டில் விழுந்ததும் அந்தப் பையன் திரும்பிட்டான். போகப் போனான். 'அண்ணே, வேணாம்ணே'ன்னு சொன்னான். எம் மகன் பின்னாலேருந்து தலையில அடிச்சான். போலீசுல நான் சொன்னது பொய். இதான் உள்ளது."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பொன்னழகிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது, அடிபட்ட இடத்தில் மறுபடி அடிபட்டால் வருமே, அந்தச் சத்தம். மைதீன் பிச்சை மகன் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பார்.

வெளியே வராந்தாவில் சிலுவைமுத்து கோபமாக வந்து நின்றார். "கொலைன்னு நிக்காது. தற்காப்புல வரம்பு மீறினதுன்னு வாதாடிப் பாக்குறேன். அப்பவும் பத்து வருசம் வரைக்கும் போகும் பாய். நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க." கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வேப்பமரத்தடியில் வேலுசாமியும் பொன்னழகும் நின்றார்கள். மைதீன் பிச்சை அவர்களிடம் போனார். என்ன சொல்வது என்று தெரியாமலே போனார். வேலுசாமிதான் பேசினார்.

"தப்பைச் சொல்லுங்க, மன்னிக்கிறேன்னு அன்னைக்குச் சொன்னேன். நீங்க சொல்லிட்டீங்க. சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்." வாயைத் திறந்தார். உதடு கோணியது. இன்னொரு முறை முயன்றார். பிறகு தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "முடியலை பாய். தெரியாம இருந்தப்ப மன்னிச்சிருப்பேனோ என்னமோ. பயந்துக்கிட்டுக் கெஞ்சியிருக்கான். இப்ப அது காதுக்குள்ளயே கேக்குது. என்னால முடியலை."

"வேணாங்க" என்றார் மைதீன் பிச்சை. "விடுங்க."

மகனையும் கொடுத்தாயிற்று, மன்னிப்பும் கிடைக்கவில்லை. இரண்டு கையும் காலியாக நின்ற அவருக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அக்மல். பத்து நாளாகப் பேசாதவன் அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"மன்னிப்பை அத்தா கேக்கக் கூடாதுங்க. நான்தான் கேக்கணும்" என்றான்.

பொன்னழகு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் முகத்தை, தோளை, கடைசியாக இரண்டு கைகளையும் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைக் கேட்பதுபோல் மெதுவாகத்தான் கேட்டாள்.

"அண்ணேன்னுதானே ஒன்னையக் கூப்பிட்டான்?"

"ஆமாம்மா" என்றான் அக்மல்.